முதல் ஆர்டரை யார் வாங்கித் தருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லைப் பக்கத்துச் சிறு தொழில்கள் ஏன் ஏற்றுமதிக்குப் போவதில்லை என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். கடன் கிடைப்பதில்லை, துறைமுக வசதி போதாது என்று அதே பழைய பல்லவி. துறைமுகமா பிரச்சினை? பேட்டையில் லோடு ஏற்றினால் தூத்துக்குடி எவ்வளவு தூரம்? திருப்பூர்க்காரர் 300 கிலோமீட்டருக்கு மேல் கன்டெய்னரைக் கொண்டுவந்து அங்கேதான் கப்பல் ஏற்றுகிறார்.

ஆனால் திருப்பூருக்கு 1978-ல் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி பம்பாய் வழியாக வெள்ளை பனியன் வாங்க வந்தார் என்பார்கள். நம்மிடம் அப்படி யாரும் வரவில்லை, விஷயம் அவ்வளவுதான். கொலம்பியாவின் தொழிற்சாலைகளை ஆராய்ந்து ராபர்ட்ஸ், டைபவுட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1997-ல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: ஏற்கெனவே ஏற்றுமதி செய்தவர்தான் அடுத்த வருஷமும் செய்கிறார், புதிதாக நுழைபவருக்கு ஆகும் ஆரம்பச் செலவு திரும்பி வராத காசு. சாம்பிள், டெஸ்ட் ரிப்போர்ட், பாக்கிங், அப்புறம் பார்ட்டி பணம் தராமல் போனால் என்ன செய்வது என்கிற பயம். உள்ளூர் வியாபாரி இழுத்தடித்தால் அவர் கடை வாசலிலாவது போய் உட்காரலாம்.

திறமை உள்ளவன் தானாக வெளிநாட்டுக்கு விற்பான் என்பவர்கள் எகிப்தின் ஃபூவா ஊரைப் பார்க்க வேண்டும். அங்கே கைத்தறியில் கம்பளம் நெய்யும் சிறு தறிக்காரர்களில் சிலரைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, ஓர் இடைத்தரகர் மூலம் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்க வழி செய்தார்கள் (2017-ல் வெளியான ஆய்வு). லாபம் 16 முதல் 26 சதவீதம் வரை கூடியது. நிதானமாக நெய்ததால் மணிக்கு நெய்த அளவு குறைந்தது, தரமோ ஏறியது. எனக்குப் பிடித்தது அடுத்த சோதனைதான்: எல்லாரையும் ஒரே மாதிரி உள்ளூர் ரகத்தை நெய்யச் சொன்னபோதும் ஆர்டர் கிடைத்தவர்களின் கம்பளம்தான் நேர்த்தியாக வந்தது. வாங்குபவர் குறை சொல்லச் சொல்லக் கை தேறியிருக்கிறது.

பத்தமடைக் கோரைப்பாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, சரி. அந்தத் தறிக்காரருக்கு இப்படி விடாமல் ஆர்டர் பிடித்துத் தர யார் இருக்கிறார்கள்? ஏற்றுமதி விழிப்புணர்வு முகாம் என்று கூப்பிட்டு, சால்வை போட்டு, வடையும் காபியும் கொடுத்து அனுப்புகிற செலவில் நாலு பேருக்கு சாம்பிள் செலவையும் முதல் ஆர்டரின் பண நஷ்ட அபாயத்தையும் அரசு ஏற்கலாம். வட்டிச் சலுகையை அப்புறம் பேசலாம். ஆர்டரே இல்லாதவன் கடன் வாங்கி என்ன செய்வான்?

– சிறு பட்டறைக்காரர், பேட்டை, திருநெல்வேலி