ஏரோட்ரம் தேடியவனுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

போன பங்குனியில் மொட்டைமாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேல் சுகோய் போர் விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. "நம்ம தஞ்சாவூர் விமானத்தளம் எப்ப வந்துச்சு தாத்தா?" என்றான் பேரன். 2013-ல் என்று விவரம் தெரிந்தவன் போலச் சொன்னேன். பக்கத்து வீட்டு அப்பாயி விடவில்லை. "அட போப்பா, நான் பாவாடை கட்டுன வயசுலயே அங்க ஏரோட்ரம் இருந்துச்சு. எவாக்குவேஷன்ல மெட்ராஸ் அத்தை குடும்பமே எங்க வீட்டுல வந்து உக்காந்துச்சே, அந்த வருஷம்."

எவாக்குவேஷன் என்றால் 1942. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடிவந்த சமயம். முப்பது வருடம் அந்தத் தளம் இருக்கும் புதுக்கோட்டை சாலையில் பஸ்ஸில் போய்வந்து வங்கி வேலை பார்த்தவன் நான். எனக்கு இது தெரியாது. தொண்ணூற்று நாலு வயது அப்பாயிக்குத்தான் முதல் நன்றி.

அப்புறம் லண்டனில் இருக்கும் கும்பகோணத்துப் பெண். முன்பின் தெரியாத எனக்காக, ஒரு விடுமுறை நாளைச் செலவழித்து, அங்கே கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போய் பிரிட்டிஷ் விமானப்படையின் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து அனுப்பினாள். 36-ஆம் படைப்பிரிவு சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் சின்னாபின்னமானது. அதை 1942 அக்டோபர் 22 அன்று மறுபடி கட்டியெழுப்பிய இடம் நம் தஞ்சாவூர்! வெலிங்டன் விமானங்களில் வங்கக் கடலை ரோந்து சுற்றினார்கள். அடுத்த ஜூனில் அல்ஜீரியாவுக்குப் போய்விட்டார்கள்.

வெலிங்டன் எப்படிப்பட்டது என்று புரியவைத்தவர் பொன்மலை ரயில் பணிமனையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். "கூடை முடையறாப்ல உலோகப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமா பின்னி, மேல துணியைப் போர்த்தி வார்னிஷ் அடிச்சது சார்" என்றார். துணி போர்த்திய விமானத்தில் நடுக்கடலுக்கா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. திருச்சிக் கதையையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். 1942 டிசம்பர் 1 அன்று இந்திய விமானப்படையின் 6-ஆம், 8-ஆம் படைப்பிரிவுகள் இரண்டுமே திருச்சியில்தான் பிறந்தன. 6-க்கு ஹரிக்கேன் போர் விமானம், தலைவர் மெஹர் சிங்; 8-க்கு வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானம். பறக்கக் கற்று வந்த இளவட்டங்கள் போர் விமானத்தில் கை பழகியது காவிரிக்கு மேலே. பிறகு பர்மா போர்முனை. அதே மெஹர் சிங்தான் 1948-ல் லடாக்கின் லே பள்ளத்தாக்கில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவர்.

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வயல்களுக்கு நடுவே இன்னொரு தளம் இருந்திருக்கும் என்று நானாக முடிவு செய்து, பாபநாசம் பக்கம் ஆட்டோவில் நாலு நாள் அலைந்தேன். ஒரு செங்கல் கட்டுமானத்தைப் பார்த்ததும் பதுங்குகுழி என்று குதித்தேன். நிலத்துக்காரர் சிரித்துவிட்டார். அவர் தாத்தா செங்கல் சுட்ட சூளையாம் அது. இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம களிமண்ணுல மழை பேஞ்சா மாட்டுவண்டியே அச்சுவரைக்கும் இறங்கும், ஏரோப்ளேன் எங்க நிக்கும்? வல்லத்து மேட்டுச் செம்மண்ணுதான் தாங்கும்." எந்தப் பதிவேட்டிலும் எனக்குக் கிடைக்காத விளக்கம். அவருக்கும், கடைசி நாள் வாடகை வாங்க மறுத்த ஆட்டோ தம்பிக்கும் நன்றி.

பழைய ஏரோட்ரம் பற்றிக் கேட்டதற்கு ஒரு அலுவலகத்தில் "அப்படி எதுவும் இங்க இல்ல" என்று தலையைத் தூக்காமலே சொன்னார்கள். சரி, போகட்டும். அங்கே வேலை பார்க்கும் உதவியாளர் வாசல்வரை ஓடிவந்து, தன் தாத்தா அந்த ஓடுபாதைக்குக் கூலிக்கு ஜல்லி கொட்டியவர் என்றாரே, அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

தென்னிந்தியாவில் பல ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் கிடந்த போர்க்கால வீரர்களைப் பின்னாளில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு ஞாயிறு முழுக்க வரிசை வரிசையாக நடந்து, விமானப்படைச் சின்னம் உள்ள கற்களை மட்டும் குறித்துக் கொடுத்த கல்லூரி மாணவிக்கு என்ன சொல்வது! பலருக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான். அவள் வயது.

தளத்துக்குள் நான் போகவில்லை. இப்போதும் விமானப்படை இருக்கும் இடம், கேட்கவும் கூடாது. வேலிக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். மூன்று மணிநேரம் எழுப்பாமல் விட்ட கடைக்காரருக்கும் நன்றி.

பொன்மலைப் பெரியவரே, உங்கள் ஆல்பம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்