சேற்றையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய்ப் படலம் வந்தபோது ஊரே பதறியது. கொசஸ்தலை ஆற்றில் பல வருடமாகப் படிந்துவரும் நிலக்கரிச் சாம்பலுக்கு அந்தப் பதற்றம்கூட இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய் ஒழுகி ஒழுகி ஆற்றின் அடியே மேடேறிவிட்டது. அதிலுள்ள ஆர்செனிக், ஈயம், காட்மியம், பாதரசம் எதுவும் மட்கிப்போகாது. நண்டும் மட்டியும் அந்தச் சேற்றில்தான் மேய்கின்றன.

பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். முன்பு காலில் மணல் தட்டும். இப்போது முழங்கால்வரை கூழ் மாதிரிச் சாம்பல். விரலிடுக்கெல்லாம் புண்.

தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் போதாது. உலோகம் தங்குவது அடிச்சேற்றில். சேற்றையும் மீனையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, முடிவைத் தமிழில் மீன் சந்தையிலேயே ஒட்ட வேண்டும். வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். இப்போது மட்டும் என்ன? "எண்ணூர் இறாலா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

– ஒரு வாசகர், எண்ணூர்