வில்லாபுரத்துக்காரர்களுக்கும் இன்னும் சிலருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நான் சொல்லச் சொல்ல மகள் செல்போனில் அடிக்கிறாள். வலது கை இன்னும் எழுத்துக்கு ஒத்துவரவில்லை.

போன வருஷம் மாசியில் எனக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியும். தையல் கடையில் கத்தரி நழுவி விழுந்ததும் பக்கத்துக் கடைப் பையன்கள் யோசிக்காமல் ஆட்டோவில் ஏற்றினார்கள். தம்பிகளா, நேரத்தோடு சேர்த்ததால்தான் இன்று பேச்சாவது இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது பிரஷர், சர்க்கரை, உப்பு என்று எல்லாம் சொன்னார்கள். மனசைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சித்திரை வந்தது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடுப்பு தைத்தே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அந்த வருஷம் தெருவே ஆற்றுக்குக் கிளம்பியது, நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். தைக்க முடியாத வருத்தம்கூட இல்லை. ஒன்றுமே இல்லை. பார்க்க வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். வீம்பு என்றார்கள் சிலர், சொகுசு கண்டுவிட்டான் என்றார்கள் சிலர். மனைவி பாண்டி கோவிலுக்கு வேண்டிக்கொண்டாள், கோரிப்பாளையம் தர்காவில் மந்திரித்துக் கயிறும் கட்டினாள்.

அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பாப்பாதான் கண்டுபிடித்தது. "கை நல்லா வருதுய்யா, நீங்கதான் வர மாட்டேங்கிறீங்க" என்றது. மனநல மருத்துவரைப் பார்க்காமல் விடக் கூடாது என்று மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனது.

தர்காவிலிருந்து கூப்பிடு தூரம்தானே ராஜாஜி மருத்துவமனை. அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" மூன்று மணிக்கு. யாரும் கேட்டிராத கேள்வி. சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறதாம். அது விடிகாலையில் ஏறி ராத்திரி இறங்க வேண்டும். பக்கவாதத்தில் மூளை அடிபட்டால் அது கூடும், சிலருக்கு ராத்திரியும் சரியாக இறங்காது. என் மனச்சோர்வுக்கு அது மட்டுமே காரணம் இல்லை, மூளையில் அடிபட்ட இடமும், ஒரே நாளில் முடங்கிப்போன துக்கமும் சேரும் என்றார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த மனச்சோர்வு வருமாம். மூன்றில் ஒருவர்! அப்படியானால் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் வீம்புக்காரப் பட்டத்தோடு படுத்திருக்கிறார்கள்?

ரத்தம் உறையாமலிருக்க நான் போடும் மாத்திரைகளின் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர் மருந்து எழுதினார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, நிறுத்தப் பார்த்தேன். நான்கு வாரமாவது பொறுக்கச் சொல்லியிருக்கிறாரே என்று மனைவி விடவில்லை. ஐந்தாம் வாரம் ஒருநாள் விடிந்த பிறகு விழித்தேன். அவளுக்கு நன்றி என்றால் திட்டுவாள், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் விரட்டிவிட்டும் மறுநாள் வந்து உட்கார்ந்தவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் இரண்டு உடுப்புக்குப் பட்டன் மட்டும் தைத்தேன். கோணல்தான்.

டீக்கடை அண்ணே, ஆறு மாதம் தினமும் வீட்டுக்கே டீ கொடுத்தனுப்பினீர்கள். கணக்கு கேட்டால் சிரிக்கிறீர்கள். சனிக்கிழமை நானே நடந்து வருகிறேன், நோட்டை எடுத்து வையுங்கள்.