நச்சு வாயு சோதனைக் கிட் வாங்கும் முன்: மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் தீயணைப்பு மீட்புப் பணி அலுவலர்களுக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழாப் பாதுகாப்புக்குச் சோதனைக் கிட் வாங்கும் யோசனை இருந்தால், டெண்டருக்கு முன் சிலவற்றைக் கவனியுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது நரம்பு வாயுவுக்கான (நரம்புகளைத் தாக்கும் ரசாயன ஆயுத நஞ்சு) என்சைம் சீட்டு. அதன் ஒரு பாதியில் அந்த நஞ்சால் முடங்கும் என்சைம் இருக்கும். அந்தப் பாதியை ஈரமாக்கி, சில நிமிடம் காற்றில் காட்டி, சீட்டின் மறுபாதியோடு சேர்த்து அழுத்த வேண்டும். நீலம் வந்தால் ஆபத்தில்லை. வெள்ளையாகவே நின்றால்தான் ஆபத்து. நிறம் வந்தால் விஷம் என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். சூட்டில் என்சைம் செத்துப்போன சீட்டும் வெள்ளையாகவே நிற்கும். மே மாத வெயிலில் பூட்டிய ஜீப்புக்குள் கிடந்த கிட், நல்ல காற்றிலேயே அபாயம் காட்டிவிடும். 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் உயிர்கள் போன ஊரில், ஒரு தப்பான அறிவிப்பு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, பணிக்குக் கிளம்பும் முன் அதே பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை நல்ல காற்றில் சோதியுங்கள். சீட்டை ஈரமாக்கும் குழாய்த் தண்ணீரின் குளோரின் முடிவைக் கெடுக்கக்கூடும். டிஸ்டில்ட் வாட்டரே சரி. நீலம் வராவிட்டால் அந்தப் பாக்கெட்டையே ஒதுக்குங்கள்.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பருத்திக்கு அடிக்கும் ப்ரொபெனோபாஸ் போன்ற மருந்துகளும் இதே என்சைமைத்தான் முடக்கும். மருந்து கொட்டிய லாரி அருகே சீட்டு வெள்ளையாக நின்றால் அது பொய்யல்ல. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, எச்சில் ஒழுகும் ஆளுக்கு எந்த முடிவுக்கும் காத்திராமல் சிகிச்சை தொடங்க வேண்டும். நரம்பு வாயு, இந்தப் பூச்சிமருந்து இரண்டின் பாதிப்புக்கும் முதல் மருந்து அட்ரோபின்தான்.

ரசாயன ஆயுத நஞ்சு பட்டால் நிறம் மாறும் மூவண்ணத் தாள் திரவத் துளிக்கு மட்டும். காற்றில் ஆட்டிப் பயனில்லை. பிரேக் ஆயில் பட்டாலும் நிறம் மாறும்.

இங்கே நடக்க வாய்ப்பு அதிகம் உள்ளவை குளோரின், அமோனியா கசிவுகள். குடிநீர் நிலையங்களும் குளிர்பதனக் கிடங்குகளும் நம்மிடம் உள்ளன. என்சைம் சீட்டு இவற்றுக்கு ஆகாது. கைப்பம்பும், அது இழுக்கும் காற்றில் வாயு இருந்தால் நிறம் மாறும் கண்ணாடிக் குழாயும் வேண்டும். பம்பைச் சோதிக்க, முனை உடைக்காத குழாயைச் செருகி, பம்பை அமுக்கிப் பிடியைத் தளர்த்துங்கள். பம்பு விரிந்தால் காற்று கசிகிறது என்று பொருள். குழாயின் அம்புக்குறி பம்பைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கம்பெனிக் குழாயை இன்னொரு கம்பெனிப் பம்பில் போட்டால் அளவு தப்பும்.

ஒரு சீட்டு அபாயம் காட்டினால் குழு உடனே முகக்கவசம் அணியட்டும். ஒலிபெருக்கி அறிவிப்பு, வேறு முறையிலான இரண்டாவது சோதனையும் ஒத்துவந்த பிறகு. பயிற்சிச் சீட்டுகளையும், காலாவதித் தேதிப் பதிவேட்டுக்குப் பொறுப்பான ஓர் அலுவலரையும் டெண்டரோடு சேர்த்தே முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.