ஊசியத் திருகுறதுக்கு முன்னாடி டயாஃப்ரத்தப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல ரிமோட் பிளேன் விடுற பசங்களப் பத்தி போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசியில பெட்ரோல் இன்ஜின்னா எப்பவும் மக்கர்தான், பேட்டரி மோட்டார் வாங்குறதுதான் புத்திசாலித்தனம்னு ஒரு வரி போட்டுட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். மக்கர் பண்றது முக்கால்வாசி நேரம் இன்ஜின் இல்லீங்க, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குள்ள விடுற கார்புரேட்டர். அதுலயும் உள்ள இருக்குற டயாஃப்ரம்னு ஒரு மெல்லிசான சவ்வு.

என்கிட்ட இருக்குறது 30 சிசி டூ ஸ்ட்ரோக். ஆடிக் காத்துல பிளேன் விட முடியாதுன்னு தூக்கி பரண்ல போட்டேன், டேங்க்ல பெட்ரோல் அப்படியே கெடந்துச்சு, அது என் சோம்பேறித்தனம். ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுத்தா காத்து வழிய மூடுற சோக் போட்டா ஓடுது, சோக்க எடுத்தா செத்துப்போவுது. எல்லாரும் பண்றதத்தான் நானும் பண்ணேன், முழு வேகத்துக்குப் பெட்ரோல் அளவக் கூட்டிக் கொறைக்குற திருகு, ஹை ஊசின்னு சொல்வாங்க, அதத் தொறந்துக்கிட்டே போனேன், ஒண்ணேகால் சுத்துல இருந்தது ரெண்டரை சுத்துக்கு வந்துருச்சு, தரையில ஏதோ ஓடுச்சு, கண்மாய்க்குக் கொண்டுபோயி ஏத்துனா மூக்கத் தூக்குன ஒடனே கட் ஆயி நேரா சீமக்கருவேல முள்ளுக்குள்ள. எறக்கைய வெளிய எடுக்கவே அரை நாளாச்சு.

பைக் மெக்கானிக் ஒருத்தர்ட்ட காட்டுனேன், கார்புக்குள்ள பெட்ரோல் மேல மெதக்குற ஃப்ளோட் அடைச்சிருக்கும்னாரு. இதுல ஃப்ளோட்டே கெடையாதுங்க! தலைகீழா பறக்குற பிளேன்ல ஃப்ளோட் எப்படி வேலை செய்யும்? இது வால்ப்ரோ கம்பெனி போடுற மாதிரி டயாஃப்ரம் கார்ப், புல்லு வெட்டுற பிரஷ் கட்டர், மரம் அறுக்குற செயின்சாவுல எல்லாம் இருக்குற அதே ஜாதி. பிஸ்டனுக்குக் கீழ இருக்குற அறையில, அதாவது கிரான்க்கேஸ்ல, பிரஷர் ஏறி எறங்குற துடிப்பு ஒரு சின்ன ஓட்டை வழியா வந்து ஒரு பக்க டயாஃப்ரத்த ஆட்டி பெட்ரோல பம்ப் பண்ணும், அந்தப் பக்கம் இருக்குற இன்னொரு டயாஃப்ரம் இன்ஜின் உறிஞ்சுறதுக்குத் தக்கன ஒரு லீவர அமுக்கி பெட்ரோல உள்ள விடும். பெட்ரோல் காஞ்சு இந்தச் சவ்வு வெறைச்சுப்போனா சாதா உறிஞ்சலுக்கு அசையாது, சோக் போட்டு உறிஞ்சல் கூடுனாத்தான் அசையும். எனக்கு நடந்தது அதேதான். அதுக்கு ஊசியத் தொறக்குறது காய்ச்சலுக்கு கம்பளி போத்துற கதை. அப்படியே ஓட்டுனா ஆபத்தும் இருக்கு, டூ ஸ்ட்ரோக்ல ஆயிலும் பெட்ரோலோடதான் வரணும், பெட்ரோல் கொறைஞ்சா ஆயிலும் கொறையும், சூடேறி பிஸ்டன் புடிச்சிக்கும்.

கடைசியில பிரஷ் கட்டர் ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்தான் கழட்டி விரல்ல வச்சு அழுத்திக் காட்டுனாரு, பழைய டயாஃப்ரம் மொடமொடன்னு காய்ஞ்ச எல மாதிரி சத்தம் போடுது, புதுசு சத்தமே இல்லாம வளையுது. பம்ப் மூடிக்குக் கீழ ஒரு குட்டி வலை இருக்கும், அதுலயும் கண்மாய்ப் புழுதி. ரிப்பேர் கிட் எரநூறு ரூபா கூட ஆகல.

வீட்டுக்கு வந்து நானே மாட்டுனேன், இப்ப சுத்தமா ஸ்டார்ட்டே ஆகல. ராத்திரி பதினொரு மணிக்குத்தான் புரிஞ்சுச்சு, கார்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வர்ற கேஸ்கெட்ட திருப்பிப் போட்டு அந்த துடிப்பு ஓட்டைய நானே மூடி வச்சிருக்கேன். வீட்டுக்காரம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே! கழட்டுறவங்க இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்குங்க, லீவர் பக்கம் மொதல்ல கேஸ்கெட் அப்புறம் டயாஃப்ரம், பம்ப் பக்கம் மொதல்ல டயாஃப்ரம் அப்புறம் கேஸ்கெட், மாத்திப்போட்டா மறுபடி மொதல்ல இருந்துதான்.

இதெல்லாம் சரியா இருந்தும் தரையில நல்லா ஓடி மேல போனா மட்டும் கொழப்புனா லீவர் பக்க மூடியில இருக்குற ஊசி ஓட்டையப் பாருங்க, முன்னாடி கவுலிங்குக்குள்ள, அதாவது இன்ஜின மூடுற மூக்குக் கூட்டுக்குள்ள, வர்ற காத்து அதுல அடிச்சு கலவைய மாத்தும், ஒரு சின்ன பித்தளக் குழாய் ஒட்டி டியூப் போட்டு பாடிக்குள்ள விட்டா நிக்கும். அப்புறம் மெத்தனால்ல ஓடுற குளோ இன்ஜினுக்குப் போடுற சிலிக்கான் டியூப பெட்ரோலுக்குப் போடாதீங்க, ஊதிப் போயிரும். ஊசி திருகுறப்ப ப்ரொப்பெல்லருக்குப் பின்னாடி நின்னே திருகுங்க, முன்னாடி கைய நீட்டுறவங்களப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது.

இப்ப பங்க்ல 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருது, எத்தனால் ஈரத்த இழுக்கும், நாள்பட நின்னா கார்புக்கு ஆகாது. அதனால ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி டேங்க காலி பண்ணி, கார்ப்ல மிச்சம் இருக்குறது தீந்து தானா நிக்குற வரைக்கும் ஐடில்ல ஓட விட்டுட்டுத்தான் பரண்ல ஏத்துறேன். போன தைக்கு எடுத்தேன், ஊசி அதே ஒண்ணேகால் சுத்துல, ப்ரொப்பெல்லர நாலாவது தட்டு தட்டுனதும் ஸ்டார்ட் ஆச்சு.

இப்படிக்கு,
கண்மாய்ல பிளேன் விடுற ஒரு வாசகர்,
மதுரை