கரடி எப்போது கத்த வேண்டும்

அன்பு கயலுக்கு,

நீ அனுப்பிய பதினோரு நிமிடக் கார்ட்டூன் ஸ்கிரிப்டைப் படித்து முடித்தேன். கதை நன்றாக ஓடுகிறது. உறுத்துவது கரடியின் கூச்சல்தான். "ஜப்பக்கு ஜிங்கா!" என்று ஏழு இடத்தில் கத்துகிறது. ஐந்தை அடித்துவிடு.

கூச்சலை முதலில் எழுதிவிட்டு அதற்கு இடம் தேடியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரின் ஸ்கிரிப்டில், அப்பா ஹோமர் ஏதாவது சொதப்பும்போது கத்தும் "டோ!" எழுத்தில் வராது. 'எரிச்சலான உறுமல்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு, அவ்வளவே. குரல் கொடுத்த டான் காஸ்டெல்லனெட்டா, பழைய லாரல்-ஹார்டி படங்களில் ஜேம்ஸ் ஃபின்லேசன் முனகுவதை மனத்தில் வைத்து முதலில் இழுத்துத்தான் சொன்னார். கார்ட்டூன் வேகத்துக்கு அது ஆகாது, சட்டென்று முடி என்றார் தொடரை உருவாக்கிய மாட் கிரேனிங். அப்படிச் சுருங்கிய உறுமல் 2001-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்கே போய்விட்டது!

நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், என்று வைத்துக்கொள். கரடிக்கு அடி விழுகிறது, உடனே கத்தவிடாதே. ஆறிலிருந்து எட்டு ஃபிரேம் வரை முகம் அப்படியே நிற்கட்டும், தனக்கு என்ன ஆனது என்று அது உணரட்டும். அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஃபிரேமுக்குள் கூச்சல் முடிய வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் அது வெறும் வலி முனகல். ஒரு நொடிக்கு மேல் போனால் பார்ப்பவர் சிரித்து முடித்துவிடுவார், கூச்சல் வீண். உன் நான்காம் பக்கத்தில் கரடி விழுவதற்கு முன்பே கத்துகிறது, கவனித்தாயா?

பக்ஸ் பன்னியின் "வாட்ஸ் அப், டாக்?" அதிரடியே இல்லாத வசனம். 1940-ல் டெக்ஸ் ஏவரி இயக்கிய படத்தில், துப்பாக்கியோடு வந்த வேட்டைக்காரனிடம் முயல் கேரட்டைக் கடித்துக்கொண்டே விசாரிக்கிறது. ஓடும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஓடவில்லை, அதற்குத்தான் சிரிப்பு. குரல் கொடுத்த மெல் பிளாங்க் நிஜக் கேரட்டையே கடிப்பார். வாய் நிறைய இருந்தால் அடுத்த வசனம் வராது என்பதால் மென்றதைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார். உன் கரடி தேன் அடையோடு பேசுகிறதே, அந்த மெல்லும் சத்தத்தைத் தனி டேக்காக எடுத்துக்கொள்.

சொல்லமைப்புக்கு, கற்காலக் குடும்பத்தைப் பற்றிய ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூனைப் பார். ஸ்கிரிப்டில் இருந்தது "யாஹூ". 'யாபா டாபா டூ' என்று சொல்லட்டுமா என்று கேட்டவர், நாயகன் ஃபிரெட்டுக்குக் குரல் கொடுத்த நடிகர் ஆலன் ரீட். 'பா' வரும் இரண்டு இடத்திலும் உதடு மூடித் திறக்கிறது, படத்தில் அது தெளிவாகத் தெரியும். கடைசியில் 'டூ' நெடில், எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். வேலை முடிந்த சங்கு ஊதியதும் ஃபிரெட் டைனோசர் வாலில் சறுக்கிக்கொண்டே கத்துவதற்கு அந்த நெடில்தான் கைகொடுக்கிறது. உன்னுடையதில் "ஜிங்கா" நல்ல முடிவு. "ஜப்பக்கு" தான் தொல்லை: உரக்கக் கத்தும்போது 'க்கு' தொண்டையிலேயே நின்றுவிடும். அதைத் தூக்கு. "ஜிங்கா" மட்டும் போதும்.

ரெக்கார்டிங் அன்று கூச்சல்களைக் கடைசியில் வை. முதலிலேயே எடுத்தால் குரல் கரகரத்து, மிச்ச வசனமெல்லாம் கெடும். சாதாரணப் பேச்சுக்கு மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் போதும். கத்தும்போது இன்னும் இரண்டு சாண் பின்னே போய், முகத்தைச் சற்றுத் திருப்பச் சொல். மைக் ஒலியை வாங்கும் அளவான கெயினையும் குறைத்துவிடு, சத்தம் உடைந்து பதிவானால் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரியாகாது. ஒவ்வொன்றிலும் குட்டை, நடுத்தரம், நீளம் என மூன்று டேக். மூச்சு இழுக்கும் சத்தத்தை வெட்டாதே, எடிட்டருக்கு அது வேண்டும். நடிகர் தானாக வேறு ஏதாவது உளறினால் அதையும் வைத்துக்கொள். நீ எழுதியதைவிட அது நன்றாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மிச்சம் வைக்கும் இரண்டில் ஒன்று தேன் கிடைத்ததும் வரட்டும். இன்னொன்று பத்தாம் பக்கத்தில், கரடி கத்த வாயைத் திறக்கும்போது அணில் முந்திக்கொண்டு கத்தட்டும். நான்காம் பக்கத்தையும் பத்தாம் பக்கத்தையும் மட்டும் முதலில் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அம்மா