பிளஸ் டூவில் தேர்ச்சி பெற்றவர்களும் துணைத்தேர்வு எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு மனு

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அரசுத் தேர்வுகள் இயக்ககம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

பொருள்: தேர்ச்சி பெற்ற பாடத்தை அதே ஆண்டு துணைத்தேர்வில் மீண்டும் எழுத அனுமதிப்பது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், சாயங்கால நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். என்னிடம் வருவதில் பெரும்பாலானவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொரு மே மாதமும் ரிசல்ட் வந்ததும் பெயிலான பிள்ளைகளைத்தான் எல்லாரும் தேற்றுகிறார்கள், அது சரிதான். ஆனால் ஜஸ்ட் பாஸ் ஆன பிள்ளைகளுக்காகத்தான் இந்த மனுவை எழுதுகிறேன், ஏனென்றால் பாஸானவர்கள் துணைத்தேர்வு எழுத முடியாது, அவர்களுக்குத்தான் இப்போது வழியே இல்லை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கணிதத்தில் 35, இயற்பியலில் 40, வேதியியலில் 42 எடுத்த ஒரு பிள்ளைக்கு மொத்தம் 117, சராசரி 39. பி.இ. சேர இந்த மூன்று பாடத்திலும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், மற்ற பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். ஆக, பாஸான இந்தப் பிள்ளை விண்ணப்பமே போட முடியாது, 40 சதவீதத்துக்குக் குறைவது வெறும் 3 மதிப்பெண். அதே வகுப்பில் மற்ற இரண்டு பாடத்திலும் இதே மார்க் வாங்கி, கணிதத்தில் மட்டும் 34 எடுத்து பெயிலான பிள்ளை ஜூன் கடைசியில் துணைத்தேர்வு எழுதி 60 வாங்கினால் மொத்தம் 142, தாராளமாக இன்ஜினியரிங் போகலாம். ஒரு மார்க் கூடுதலாக எடுத்தவளுக்குக் கதவு அடைப்பு, ஒரு மார்க் குறைந்தவளுக்குக் கதவு திறப்பு. பெயிலான பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பைப் பறிக்கச் சொல்லவில்லை, அது இருக்கவே வேண்டும். பாஸான பிள்ளைக்கும் அதைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் பி.இ. சீட்டும் தந்து கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் முதல் பட்டதாரி வந்தது இப்படித்தான். ஆனால் அந்த இடஒதுக்கீட்டில் கேட்பதற்கும் முதலில் 40 வேண்டுமே? இவ்வளவு நல்ல திட்டம் வாசல்வரை வந்து நிற்கிறது, பிள்ளை உள்ளே போக முடியவில்லை.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. மத்திய அரசின் இன்ஜினியரிங் கல்லூரியான என்.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு எழுதினால் மட்டும் போதாது, பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) இருக்க வேண்டும், அல்லது அந்த போர்டில் முதல் 20 பர்சென்டைலில், அதாவது மார்க் வரிசையில் முதல் 20 சதவீதம் பேருக்குள், வர வேண்டும். பரீட்சை அன்று காய்ச்சலோ, வீட்டில் ஒரு சாவோ இருந்து ஒரு பாடம் சறுக்கிவிட்டால் சி.பி.எஸ்.இ. பிள்ளை அதே வருடம் அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதி உயர்த்திக்கொள்கிறது. பக்கத்துக் கர்நாடகத்தில் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வு வைத்து, எதில் மார்க் அதிகமோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தது?

பாஸானவர்கள் மார்க்கை உயர்த்த மறுபடி எழுதும் இம்ப்ரூவ்மென்ட் தேர்வு நம்மிடம் முன்பு இருந்ததும், பழைய மாணவர்கள் ஒரு வருடம் கூடுதலாகப் படித்து வந்து அந்த வருடத்துப் பிள்ளைகளின் சீட்டைப் பிடிக்கிறார்கள் என்று எதிர்ப்பு வந்ததும் எனக்குத் தெரியும். அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் பழையபடி கேட்கவில்லை. அதே ஆண்டு துணைத்தேர்வில் மட்டும், அதிகபட்சம் இரண்டு பாடம், ஒரே ஒரு முறை. செய்முறை, அகமதிப்பீட்டு மார்க் அப்படியே இருக்கட்டும், எழுத்துத்தேர்வு மட்டும் மறுபடி. இரண்டில் எது அதிகமோ அது நிற்கட்டும். துணைத்தேர்வில் பாஸாகிறவர்களுக்கு மீதியிருக்கும் பி.இ. இடங்களுக்கு ஏற்கெனவே துணைக் கலந்தாய்வு நடக்கிறதல்லவா, உயர்த்திய மார்க் அங்கே செல்லும் என்று வைத்துவிட்டால் பொதுக் கலந்தாய்வில் யாருடைய இடமும் போகாது.

இது நடக்காத காரியமும் இல்லை. 2021இல் கொரோனாவால் தேர்வு இல்லாமல் 10, 11, 12ஆம் வகுப்பு மதிப்பெண்களை வைத்து மார்க் போட்டபோது, அதில் திருப்தி இல்லாதவர்கள் எழுதிக்கொள்ளலாம் என்று அறிவித்து ஆகஸ்டில் தேர்வு வைத்தது உங்கள் இயக்ககம்தான். இப்போதும் துணைத்தேர்வுக்கு மையம், வினாத்தாள், திருத்தும் பணி எல்லாம் எப்படியும் ஏற்பாடாகின்றன, அதில் கூடக் கொஞ்சம் பிள்ளைகள் வந்து உட்காரப்போகிறார்கள், அவ்வளவுதான். கூடுதல் செலவுக்குத் தேர்வுக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அதையும் தள்ளுபடி செய்தால் நல்லது.

இதற்கு அரசாணை தேவை என்பது தெரியும். தாங்கள் இதைப் பள்ளிக்கல்வித் துறைக்குப் பரிந்துரைத்து, வரும் மே மாதம் முடிவு வெளியாகும்போது வரும் துணைத்தேர்வு அறிவிப்பிலேயே 'தேர்ச்சி பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம்' என்ற வரியைச் சேர்க்க ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் தாங்கள் படித்த பள்ளியிலேயே விண்ணப்பத்தைக் கொடுக்க வழி செய்யுங்கள் ஐயா. சேவை மையத்தைத் தேடி இரண்டு பஸ் மாறிப் போகும் பிள்ளைகள் இங்கே நிறைய.

இப்படிக்கு,
தனிப்பயிற்சி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.